கிள்ளுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி: மாடித்தோட்டச் செடியைப் பழக்குவது எப்படி?

கெட்டது எதுவாக இருந்தாலும் 'முளையிலேயே கிள்ளி எறியணும்' என்று சொல்வோம். செடியிடம் இந்தப் பழமொழி வேலை செய்யாது. ஒரு துளசியின் கொழுந்தைக் கிள்ளிப் போடுங்கள். பத்து நாளில் அந்த இடத்துக்குக் கீழே இரண்டு கொழுந்து எட்டிப் பார்க்கும். அந்த இரண்டையும் கிள்ளினால் நான்கு வரும்.

இதை வைத்துத்தான் ஒரு பெரிய தொழிலே ஓடுகிறது. தேயிலையை அப்படியே விட்டால் பல மீட்டர் உயரம் போகிற மரம் அது. நீலகிரியிலும் வால்பாறையிலும் இலங்கை மலையகத்திலும் நாம் பார்க்கிற இடுப்பளவு தேயிலைப் புதர், கவாத்து வெட்டியும் கொழுந்து கிள்ளியும் மனிதர்கள் பழக்கி வைத்த உருவம்.

செடியைக் கிள்ளி, வளைத்து, கட்டி, வெட்டி நமக்கு வேண்டிய வடிவத்துக்குக் கொண்டுவருவதைத்தான் செடியைப் பழக்குதல் என்கிறோம். இப்போது மாடித்தோட்டம் வைக்கிற நண்பர்கள் பலரும் செல்போனில் 30 விநாடி வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, கத்தரிக்கோலோடு மாடிக்கு ஏறிவிடுகிறார்கள். சில செடி இரட்டிப்பாகக் காய்க்கும். சில செடி அந்த சீசனே பூக்காமல் நிற்கும். ஒரே கத்தரிக்கோல், ஒரே ஆள், ஏன் இரண்டு விதமான ரிசல்ட்? அதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

நுனிதான் சர்வர்

செடியின் உச்சியில் இருக்கிற நுனிமொட்டு சும்மா வளர்ந்துகொண்டு மட்டும் இருக்காது. ஆக்சின் என்கிற ஹார்மோனைத் தயாரித்து, தண்டு வழியாகக் கீழே அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு இலைக்காம்பும் தண்டோடு சேருகிற இடுக்கிலும் ஒரு குட்டி மொட்டு தூங்கிக்கொண்டிருக்கும். பள்ளியில் கோணமொட்டு என்று படித்திருப்போம். மேலிருந்து ஆக்சின் வந்துகொண்டிருக்கும்வரை இந்தக் கோணமொட்டுகள் பெரும்பாலும் எழுந்திருக்காது. இதற்குப் பெயர் நுனி ஆதிக்கம்.

கம்ப்யூட்டர் படிக்கிறவர்களுக்குச் சட்டென்று புரிகிற மாதிரி சொன்னால், மெயின் சர்வர் 'நான் உயிரோட இருக்கேன்' என்று விடாமல் சிக்னல் அனுப்புகிறது. சிக்னல் வரும்வரை பேக்கப் சர்வர்கள் அமைதியாக இருக்கின்றன. சிக்னல் நின்றதும் பேக்கப் எழுந்துகொள்கிறது. செடிக்கு இது ரொம்பவே புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆடு வந்து நுனியை மேய்ந்துவிட்டால்கூட அடுத்த கிளை தயார்.

இதை நிரூபித்த சோதனை அழகானது. 1933-ல் கென்னத் திமான், ஃபோக் ஸ்கூக் என்ற இருவர் ஃபாவா பீன்ஸ் செடியின் நுனியை வெட்டினார்கள். பக்கமொட்டுகள் வளரத் தொடங்கின. இன்னொரு செடியில் நுனியை வெட்டிவிட்டு, வெட்டிய இடத்தில் ஆக்சின் கலந்த அகார் கட்டியை வைத்தார்கள். நுனியே இல்லை, ஆனாலும் பக்கமொட்டுகள் அடங்கியே இருந்தன. அதாவது, நுனி செய்த வேலையை ஆக்சின் தனியாகவே செய்துவிட்டது.

கதை அதோடு முடியவில்லை. பக்கமொட்டை எழுப்புகிற சைட்டோகைனின், அதை அடக்குகிற ஸ்ட்ரைகோலாக்டோன் என்று இன்னும் சில ஹார்மோன்களும் சேர்ந்துதான் இந்தக் கணக்கைப் போடுகின்றன. ஸ்ட்ரைகோலாக்டோனுக்குக் கிளையை அடக்குகிற வேலையும் இருக்கிறது என்பது 2008-ல்தான் வெளிவந்தது. 2014-ல் பட்டாணிச் செடியில் நடந்த ஆய்வு இன்னொரு திருப்பம் கொடுத்தது. ஆக்சின் தண்டில் மணிக்குச் சுமார் 1 செ.மீ. வேகத்தில்தான் நகரும். நுனியை வெட்டியதும் வெகு கீழே இருக்கிற மொட்டு, அங்கே ஆக்சின் குறைவதற்கு முன்பே வளரத் தொடங்கிவிடுகிறது. காரணம் சர்க்கரை! நுனி இழுத்துக்கொண்டிருந்த சர்க்கரை, நுனி போனதும் பக்கமொட்டுகளுக்குத் திரும்புகிறது. அதுதான் முதல் அலாரம்.

இந்த சர்க்கரை விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் மீதி முழுக்க இதைச் சுற்றித்தான்.

புதிதாக எதுவும் வருவதில்லை

கிள்ளினால் மகசூல் கூடும் என்று பொதுவாகச் சொல்வது பாதி உண்மை. செடியின் மொத்த வருமானம் இலைகள் பிடிக்கிற வெளிச்சம், வேர் எடுக்கிற தண்ணீர், சத்து இவைதான். கிள்ளுவதால் இந்த வருமானம் அன்றைக்கே கூடாது. சொல்லப்போனால் கொஞ்சம் குறையும், ஏனென்றால் சில இலைகளை நாமே எடுத்துவிட்டோம். நாம் மாற்றுவது செலவை, அதாவது சர்க்கரை எந்தப் பக்கம் போகிறது என்பதை.

இதற்குச் செவ்வந்தியைவிட நல்ல உதாரணம் கிடையாது. இளம் செடியில் நுனியைக் கிள்ளினால் கிளை பெருகி நிறைய சின்னப் பூக்கள் வரும், பூக்கட்டுகிறவர்களுக்கு இதுதான் வேண்டும். அதே செடியில் பக்கமொட்டுகளை எல்லாம் எடுத்துவிட்டு ஒரே ஒரு மொட்டை மட்டும் விட்டால், உள்ளங்கை அகலத்துக்கு ஒரே பூ வரும், கண்காட்சிக்கு வைப்பவர்களுக்கு அதுதான் வேண்டும். பட்ஜெட் ஒன்றுதான், பங்கீடுதான் வேறு.

வருமானத்தையும் ஓரளவு கூட்ட ஒரு வழி இருக்கிறது, அது வெளிச்சம். முதல் வருட கெமிஸ்ட்ரியில் பீர்-லாம்பர்ட் விதி படித்திருப்போம் இல்லையா? கரைசலுக்குள் ஒளி போகப் போக அடுக்குக்குறி விகிதத்தில் குறையும் என்று. 1953-ல் ஜப்பானின் மோன்சி, சேகி இருவரும் அதே வடிவச் சமன்பாட்டை இலைக்கூட்டத்துக்குப் போட்டுக் காட்டினார்கள். குறைவு எண்ணை 0.5 என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஓர் அடுக்கு இலையைத் தாண்டும்போது 61% வெளிச்சம் மிஞ்சும். இரண்டு அடுக்கு தாண்டினால் 37%. மூன்றாவது அடுக்குக்குக் கீழே 22%தான்.

இன்னொரு பக்கம், உச்சியில் இருக்கிற இலைக்கு நம்ம ஊர் உச்சிவெயில் தேவைக்கு மேல். தக்காளி, மிளகாய் மாதிரி செடிகளில் ஒரு தனி இலை முழு வெயிலுக்கு வெகு முன்னாடியே 'போதும்' என்று நிறைந்துவிடும். மேல் இலைக்கு மிச்சம், கீழ் இலைக்குப் பட்டினி. செடியை அகலமாகப் பரப்பினால் இந்த இரண்டும் சமமாகும். வளைப்பதும், பந்தல் போடுவதும் இதற்காகத்தான்.

நான்கு முறைகள்

முதலாவது, நுனி கிள்ளுதல். கட்டைவிரல் நகமும் ஆள்காட்டி விரலும் போதும். ஐந்தாறு கணு வளர்ந்த இளம் செடியில், ஒரு கணுவுக்குச் சற்று மேலே இளங்கொழுந்தை மட்டும் கிள்ளணும். முற்றிய தண்டை ஒடிக்கக் கூடாது. காயம் எவ்வளவு சின்னதோ அவ்வளவு சீக்கிரம் ஆறும்.

இரண்டாவது, வளைத்துக் கட்டுதல். வெட்டவே வேண்டாம். நுனியை மெதுவாகக் கீழே சாய்த்து, பழைய வேட்டிக் கிழிசலாலோ சணலாலோ தொட்டியின் விளிம்பில் கட்டிவிடுங்கள். தண்டு படுக்கையாகும்போது நுனியின் ஆதிக்கம் தளர்ந்து, மேல்பக்கம் பார்த்திருக்கிற கோணமொட்டுகள் வரிசையாகக் கிளம்பும். கொய்யா விவசாயிகள் கிளையை வளைத்துக் கட்டிப் பூக்க வைப்பதும், கொடி ரோஜாவைப் படுக்கை வாக்கில் படர விடுவதும் இந்த வகைதான். ஒரே நாளில் வளைத்தால் ஒடியும். இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கணும். தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னாடி, செடி லேசாகத் தளர்ந்திருக்கும் மாலை நேரம் இதற்கு வசதி.

மூன்றாவது, பந்தலும் கொம்பும் வலையும். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை பந்தலில்தான் படர்கிறது. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய திராட்சை அது. ஒற்றைத் தண்டாகக் கொடியை மேலே ஏற்றி, பந்தலைத் தொட்டதும் நாலாபக்கமும் பிரித்து விடுகிறார்கள். இலை மேலே வெயிலில், குலை கீழே நிழலில். மாடியில் நாலு கம்பும் ஒரு நைலான் வலையும் இருந்தால் அதே வேலையைச் சின்ன அளவில் செய்யலாம்.

நான்காவது, கவாத்து. முற்றிய கிளைகளை அளவு வைத்து வெட்டிவிட்டுப் புதுத் தளிரை வரவழைப்பது. இது வளர்ந்த செடிக்கு, அதுவும் வருடத்தில் சரியான மாதத்தில்.

இப்போ அந்தக் கேள்வி

கிள்ளுவதற்கு முன்னாடி நாம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: இந்தச் செடியில் பூ எங்கே வரும்? மெயின் தண்டிலா, பக்கக் கிளையிலா, புதுத் தளிரிலா, பழைய கிளையிலா? இதற்குப் பதில் தெரியாமல் வெட்டுவது, சர்க்யூட் டயகிராம் பார்க்காமல் வயரை வெட்டுவது மாதிரி. சில செடிகளைப் பார்ப்போம்.

சுரைக்காய்: மெயின் கொடியில் வருவது பெரும்பாலும் ஆண் பூ. பெண் பூ அதிகமாக வருவது பக்கக் கொடிகளில்தான். அதனால் பந்தல் உயரம் வரை பக்கக் கொடிகளை எடுத்துவிட்டு ஒற்றைக் கொடியாக ஏற்றி, பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளிவிடணும். மேலே கிளம்புகிற பக்கக் கொடிகள்தான் நமக்குக் காய் கொடுக்கும். காம்பில் குட்டிச் சுரைக்காய் மாதிரி இருந்தால் அது பெண் பூ. சுரைப்பூ சாயங்காலம் விரிவது. மாடியில் பூச்சி வரத்து குறைவு என்றால் இருட்டுகிற நேரத்தில் ஆண் பூவைப் பறித்து, பெண் பூவின் நடுவில் தடவிவிடுங்கள். கிள்ளியது சரியாக இருந்தும் காய் பிஞ்சிலேயே வெம்பி விழுந்தால், முதலில் இந்த மகரந்தச் சேர்க்கையைத்தான் சந்தேகப்படணும்.

தக்காளி: இதில் இரண்டு சாதி உண்டு. ஒன்று நிற்காமல் நீண்டுகொண்டே போகும், மெயின் தண்டிலேயே சில இலைகளுக்கு ஒரு பூங்கொத்து வைக்கும். இதற்கு நுனியைக் கிள்ளினால் நஷ்டம். கொம்பு நட்டு, இடுக்கில் வரும் பக்கக் கிளைகளை எடுத்துவிட்டு ஒன்றிரண்டு தண்டாக ஏற்றணும். இன்னொன்று குட்டைப் புதர் வகை. 1914-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் தற்செயலாகத் தோன்றிய ஒரு மரபணு மாற்றத்தின் வாரிசுகள் இவை. குறிப்பிட்ட வளர்ச்சிக்குப் பின் ஒவ்வொரு தண்டும் பூங்கொத்தோடு தானாகவே நின்றுவிடும். அந்த ஜீனுக்குப் பெயரே 'தனக்குத் தானே கவாத்து' என்ற அர்த்தத்தில்தான் வைத்தார்கள். இந்த வகையில் பக்கக் கிளைதான் காய்க்கிற கிளை. நீள வகைக்காரர் எடுத்த வீடியோவைப் பார்த்துக் குட்டை வகையில் பக்கக் கிளையை எடுத்தால், கூடையில் வர வேண்டிய காயை நாமே குப்பையில் போடுகிறோம்.

மிளகாய்: ஒற்றைத் தண்டாக வளர்ந்து, ஓர் உயரத்தில் கவட்டையாகப் பிரியும். முதல் பூ அந்தக் கவட்டையில்தான் வரும். அதற்குப் பிறகு ஒவ்வொரு கவட்டையிலும் பூ. அதாவது, மிளகாய் தானாகவே கிளைத்துக்கொள்கிற செடி. கிள்ளுவது என்றால் கவட்டை பிரிவதற்கு முன்னாடி, ஒரே ஒரு தடவை. கவட்டை பிரிந்த பிறகு நுனி நுனியாகக் கிள்ளினால் பூவைத்தான் கிள்ளுவோம். இலை சுருண்டு நிற்கிற செடியில் கையே வைக்காதீர்கள். அங்கே பிரச்சினை பூச்சியோ வைரஸோ, வடிவம் இல்லை.

முருங்கை: ஊரில் வீட்டுக் கொல்லை இருக்கிறவர்களுக்கு இது. விதை போட்டு வளர்க்கிற செடிமுருங்கையை விட்டால் ஈட்டி மாதிரி நேராக ஏறிவிடும். காய் எட்டாது, காற்றடித்தால் கிளை முறியும். செடி 75 செ.மீ. உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளச் சொல்வது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. காய்ப்பு ஓய்ந்ததும் தரையிலிருந்து 90 செ.மீ. விட்டு வெட்டினால் மறுதாம்பாகத் துளிர்த்து மறுபடியும் காய்க்கும்.

மல்லிகை: பூ வருவது புதுத் தளிரில். அதனால் கவாத்து பண்ணாத மல்லி, இலையும் குச்சியுமாகப் புதராகிவிடும், பூ குறையும். குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்துக்கும், ஜாதிமல்லியை டிசம்பர் கடைசியில் 45 செ.மீ. உயரத்துக்கும் வெட்டுவது வழக்கம். வெட்டிய செடியைப் பார்த்து அம்மா திட்டினாலும் கவலைப்படாதீங்க, வெயில் காலத்தில் பூ பேசும்.

பருத்தி: மாடியில் வளர்க்கப் போவதில்லை, ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய உதாரணம். ரகப் பருத்தியில் 15-வது கணு வந்ததும், அதாவது விதைத்து 70–75 நாளில், நுனியைக் கிள்ளுகிறார்கள். கிளை பெருக்கவா? இல்லை. 'மேலே வளர்ந்தது போதும், இனி சாப்பாட்டைக் காய்க்கு அனுப்பு' என்பதற்காக. ஆரம்பத்தில் கிள்ளினால் கிளை, கடைசியில் கிள்ளினால் காய். நேரம் மாறினால் அதே கிள்ளலுக்கு அர்த்தமே மாறிவிடுகிறது.

நேரத்துக்கும் விலை உண்டு

ஹாஸ்டலிலோ வாடகை அறையிலோ தொட்டி வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்கணும். ஒவ்வொரு கிள்ளலுக்குப் பிறகும் செடி புதுக் கிளையைக் கட்டணும். பொதுவாக ஒன்றிரண்டு வாரம் அறுவடை தள்ளிப்போகும். நாற்று நட்டதிலிருந்து முதல் பறிப்பு வரை மிளகாய்க்கும் தக்காளிக்கும் சுமார் இரண்டு இரண்டரை மாதம் ஆகும். செமஸ்டர் தொடங்கி ஒரு மாதம் கழித்து நட்டுவிட்டு, இரண்டு தடவை கிள்ளினால், கிளை நிறைந்த அழகான புதர் வரும். காய் வரும்போது நீங்கள் லீவில் ஊரில் இருப்பீர்கள். நாள் குறைவாக இருந்தால் கிள்ளாதீங்க, வளைத்துக் கட்டுங்க. இலையை இழக்காததால் செடிக்கு நஷ்டம் குறைவு.

தொட்டிக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. சின்ன க்ரோ பேக்கில் இருக்கிற வேர், 20 கிளைக்குத் தண்ணீர் தூக்க முடியாது. மண் இல்லாமல் கிளையை மட்டும் பெருக்குவது, ஒரே ப்ளக் பாயிண்டில் எக்ஸ்டென்ஷன் மேல் எக்ஸ்டென்ஷன் போடுவது மாதிரிதான்.

கை வைக்கும்போது கவனிக்க

கத்தியையும் கத்தரிக்கோலையும் ஒரு செடியிலிருந்து அடுத்ததுக்குப் போகும் முன் ஸ்பிரிட்டால் துடைத்துவிடுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தக்காளியைத் தாக்குகிற மொசைக் வைரஸ் கை வழியாகவே பரவும். காலை வெயில் ஏறும் முன் கிள்ளினால் காயம் பகலிலேயே உலர்ந்துவிடும். மழை நாளில் வேண்டாம். ஒரே தடவையில் பச்சையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். கவாத்துக்கென்றே சீசன் இருக்கிற மல்லிகை, முருங்கைக்கு மட்டும் இதில் விலக்கு. கட்டும்போது தண்டுக்கும் கொம்புக்கும் நடுவில் எட்டு போல முடிச்சுப் போடுங்கள், தண்டு பருக்க இடம் வேணும். ஏப்ரல், மே மாதங்களில் காயை மூடியிருக்கிற இலையைப் பறிக்காதீர்கள். நேர் வெயில் பட்ட தக்காளியும் குடைமிளகாயும் வெள்ளையாக வெந்துவிடும்.

நீங்களே செய்து பார்க்க

இன்ஜினியரிங் படிக்கிறோம், யாரோ சொன்னதை நம்பணும் என்று கட்டாயம் இல்லை. ஒரே நாளில் விதைத்த, ஒரே அளவு மிளகாய் நாற்று ஒன்பது எடுங்கள். ஒரே அளவு பை, ஒரே மண் கலவை. மூன்றைக் கிள்ளுங்கள், மூன்றை வளைத்துக் கட்டுங்கள், மூன்றை அப்படியே விடுங்கள். எதை எங்கே வைப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு பண்ணுங்கள். இல்லாவிட்டால் நல்ல வெயில் இடம் உங்களுக்குப் பிடித்த செடிக்கே போய்விடும். முதல் பூ வந்த தேதி, முதல் பறிப்பு தேதி, ஒவ்வொரு பறிப்பின் எடை, காய்களின் எண்ணிக்கை, இந்த நாலையும் நோட்டில் எழுதுங்கள். மொத்த எடையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். எத்தனையாவது நாளில் அந்த எடை வந்தது என்பதும் கணக்குதான்.

மூன்று செடி வைத்துப் பெரிய முடிவு எதுவும் எடுத்துவிட முடியாது. ஆனால் உங்கள் மாடி, உங்கள் வெயில், உங்கள் ரகத்துக்கு எது ஒத்துவரும் என்று ஓர் அறிகுறி கிடைக்கும். நாலு அறை நண்பர்கள் சேர்ந்து செய்தால் 36 செடி. அப்போது அந்த எண்களுக்கு ஒரு கனம் வந்துவிடும்.

அதுவரைக்கும் கத்தரிக்கோலை எடுக்கும்போதெல்லாம் அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கோங்க: பூ எங்கே வரும்? பதில் தெரிந்தால் தாராளமாகக் கிள்ளுங்க. தெரியாவிட்டால் ஒரு வாரம் செடியைச் சும்மா பாருங்க. முதல் மொட்டு எந்த இடுக்கில் வருகிறது என்று செடியே காட்டிக்கொடுக்கும்.